யுரேனஸ் இரவும் யாழினியின் கோள்களும்

சாந்தி அத்தை, சத்துவாச்சாரி: யாழினி கண்ணு, 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கோளில் காற்று இருக்கிறதா என்று தேடுகிறார்களாம். அத்தனை தூரத்தில் எதைப் பார்க்கிறார்கள்?

யாழினி: அத்தை, கோள் கண்ணுக்கே தெரியாது. நட்சத்திரத்தின் வெளிச்சம்தான் தெரியும். கோள் குறுக்கே போனால் அது துளி மங்கும். நம் பூமி சூரியனுக்குக் குறுக்கே போவதை வெளியிலிருந்து பார்த்தால், 12,000இல் 1 பங்குதான் குறையும்.

யாழினி: கோளைச் சுற்றிக் காற்று இருந்தால், கொஞ்சம் வெளிச்சம் அதன் வழியாக வடிந்து வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிவிடும். எந்த நிறம் குறைந்திருக்கிறது என்று பார்த்து வாயுவைக் கண்டுபிடிக்கிறார்கள்.

பெரியப்பா, ஆலங்காயம்: அம்மா, வெளிச்சம் மங்குவதைப் பார்க்கும் வேலை நம் காவலூர் வான் ஆய்வகத்திலேயே நடந்தது! 1977 மார்ச்சில் வானத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு அருகே யுரேனஸ் வந்தது போலத் தெரிந்தது. 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது சில விநாடிகள் வெளிச்சம் மங்கி மீண்டது. யுரேனஸின் வளையம் மறைத்ததுதான் காரணம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் மலை, எங்கள் வட ஆற்காடு என்று வாத்தியார் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

சாந்தி அத்தை: அண்ணா, இத்தனை நாள் இதை எங்களிடம் சொல்லவே இல்லையே!

குமார் மாமா, காட்பாடி: சரி, அந்த 40 ஒளியாண்டுக் கோளில் காற்று இருக்கிறதா, இல்லையா?

யாழினி: மாமா, டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய சிவப்பு நட்சத்திரத்தைப் பூமியளவுள்ள 7 கோள்கள் சுற்றுகின்றன. மிக உள்ளே இருக்கும் கோளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தது. அது நட்சத்திரத்துக்குப் பின்னால் மறையும்போது எவ்வளவு வெப்பம் குறைகிறது என்று பார்த்தார்கள். பகல் பக்கம் ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ். அடர்ந்த காற்று இருந்தால் சூட்டை இரவுப் பக்கத்துக்கும் கொண்டுபோயிருக்கும். அதனால் அந்தக் கோளில் அடர்ந்த காற்று பெரும்பாலும் இல்லை என்பது 2023இல் வந்த முடிவு.

குமார் மாமா: மற்றவை?

யாழினி: அங்கேதான் சிக்கல். அந்த நட்சத்திரத்தின் மேல் குளிர்ந்த புள்ளிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட புள்ளிகளிலேயே நீராவி இருக்கக்கூடும். கோளின் நீராவி என்று நினைப்பது நட்சத்திரத்தினுடையதாக இருந்துவிடலாம். அதனால் ஒரே கோளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அவசரப்பட்டு அறிவிப்பதைவிட அந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெரியப்பா: அம்மா, பொங்கல் விடுமுறைக்கு வா. காவலூருக்கு நானே கூட்டிப்போகிறேன். மலையில் குளிரும், கம்பளி எடுத்துவா.