'ரிக்குகுன்' படத்தை மண்டபத்தில போட: சப்டைட்டில் பிந்துது

வெள்ளவத்தை ரசிகர்:
ஜப்பானிய இயக்குநர் கினோஷித்தாவின் 'ரிக்குகுன்' ('இராணுவம்', 1944) படத்தை வெள்ளவத்தையில ஒரு சின்ன மண்டபத்தில போடப்போறம். தமிழ்ச் சப்டைட்டில் செய்தாச்சு. தொடக்கத்தில பொருந்துது, போகப்போகப் பிந்துது. சில வரியில எழுத்துக்குப் பதிலாக் கட்டம் கட்டமா வருது. முதல் அரை மணித்தியாலம் சனத்துக்கு விளங்குமோ?

கொட்டாஞ்சேனை:
கொஞ்சங்கொஞ்சமாப் பிந்தினால் பிரேம் கணக்குத்தான் (செக்கனுக்கு எத்தினை படம் ஓடுது எண்ட கணக்கு) பிழை. சப்டைட்டில் 23.976க்குச் செய்தது, உங்கட வீடியோ 25இல ஓடுது போல. 87 நிமிசப் படத்தில முடிவுக்கு வரேக்க மூண்டரை நிமிசம் வித்தியாசம் வரும். பிளேயரில இருக்கிற டிலே பட்டனால பிரயோசனமில்லை, அது எல்லா வரியையும் ஒரே அளவாத் தள்ளும். சப்டைட்டில் எடிட்டரில 23.976ஐ 25 ஆக்கிப்போட்டு, முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் பாருங்கோ. ரெண்டும் பொருந்தினால் நடுவும் பொருந்தும்.
கட்டம் வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை: லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போடுங்கோ. கிறுக்கலா வந்தால்தான் யுடிஎஃப்-8 எண்ட எழுத்துக் குறியீட்டு முறையில சேமிக்காத குறை.

தெஹிவளை அக்கா:
புரொஜெக்டரை 4:3இல வையுங்கோ. அகலத்துக்கு இழுத்தால் தாயா நடிக்கிற கினுயோ தனாகாவின்ர முகம் பூசணிக்காய் மாதிரித் தெரியும்; சூம் பண்ணினால் தலை வெட்டுப்படும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம்.

கதை மூண்டு தலைமுறை. 1866இல தொடங்கி, சீனப் போர், ரஷ்யப் போர் எண்டு தாவுது. அரைப் பக்கத் தாளில 1866, 1895, 1904-05 மூண்டையும் ரெண்டு ரெண்டு வரியில அடிச்சுக் குடுங்கோ, போதும். தகப்பனா வாற சிஷூ ரியூ, 13ஆம் நூற்றாண்டில ஜப்பான்மேல வந்த மங்கோலியப் படையெடுப்பைப் பற்றிச் சண்டை பிடிக்கிற இடத்துக்கும் ஒரு வரி வேணும். இல்லாட்டி அது வெறும் வறட்டுப் பிடிவாதமாத்தான் தெரியும். (பிடிவாதந்தான், ஆனால் காரணத்தோட.)

சத்தத்தை வசனத்துக்கு வைச்சுச் சரிபார்க்காதேங்கோ, கடைசிக் காட்சிக்கு வைச்சுப் பாருங்கோ. தாய், படைவீரருக்கான அரச கட்டளையை முணுமுணுத்துக்கொண்டு இருப்பா; எக்காளம் கேட்டதும், போருக்குப் போற மகனைப் பாக்க எழும்பி ஓடுவா. முணுமுணுப்புக்கு ஏத்தின சத்தம் அணிவகுப்பு வரேக்க கரகரக்கும். ஓட்டத்தில வசனம் இல்லாத மாதிரித்தான், 'எக்காள ஒலி' எண்ட மாதிரி வரி இருந்தால் அழிச்சுவிடுங்கோ. படைத்துறைக்காக எடுத்த படத்தில தாயின்ர முகத்தைக் கொண்டே எதிர்ப்பைச் சொன்ன இடம் இது. படைக்குப் பிடிக்கேல்லை, கினோஷித்தா அடுத்த படம் எடுத்தது இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச பிறகுதான்.

வெள்ளவத்தை ரசிகர்:
பிரேமை மாத்தினன், பொருந்துது. நன்றி அக்கா, தாளும் அடிக்கிறம். இடைவேளை விடலாமோ?

தெஹிவளை அக்கா:
வேண்டாம். தேத்தண்ணியை முன்னுக்கே குடுத்திடுங்கோ. தாய் கை கூப்பின உடனே படம் முடிஞ்சிடும், லைட் போடுற ஆளிட்ட திரை கறுப்பாகும் வரைக்கும் சுவிட்சில கை வைக்கவேண்டாம் எண்டு சொல்லி வையுங்கோ.