ஆர்102 சாலையோரம் மிஞ்சி நிற்பவை: நேட்டால் கோயில்களும் தகரக் கடைகளும்

டர்பனிலிருந்து

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோரம், என்2 நெடுஞ்சாலையில் வடக்கே பறந்து போகிறவர்கள் கண்ணில் இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் கட்டியது எதுவும் படாது. பழைய ஆர்102 சாலையில் இறங்கி, வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் என்று மெதுவாகப் போய்ப் பாருங்கள். தகரக் கூரை போட்ட கடைகள், முன்னால் தூண் வைத்த தாழ்வாரம், முகப்புச் சுவரின் உச்சியில் சிமெண்டில் குடும்பப் பெயரும் கட்டிய வருஷமும். சற்றுத் தள்ளி, கரும்புக்கு நடுவே ஒரு மாரியம்மன் கோயில், பக்கத்தில் ஒரு மலைவேம்பு. ஒவ்வொரு முறை போகும்போதும் இவற்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது. என் பங்குக்கு நான் கண்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

மவுண்ட் எட்ஜ்கம்பில் உள்ள கணேசர் கோயிலை 1898-இல் கட்டியவர் கிஷ்டப்ப ரெட்டி. நேட்டாலில் கோயில் கட்டிய கைகள் என்று பேச்சு வந்தால் அவர் பெயரும் ராமசாமிப் பிள்ளை கொத்தனார் பெயரும் முதலில் வரும். இங்கே கருங்கல் சிற்பிகளும் இல்லை, கல் இழுக்க ஆளும் இல்லை. கிடைத்தது செங்கல், காரை, வண்ணம். அதை வைத்துக்கொண்டு, ஊரில் பார்த்த கோயிலை மனசிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். இன்று மவுண்ட் எட்ஜ்கம்பின் சர்க்கரை ஆலை மூடிப் பல காலமாகிவிட்டது. கரும்புத் தோட்டம் இருந்த பூமியில் கோல்ஃப் மைதானமும் மதிலுக்குள் வீடுகளும். கோயில் மட்டும் போன இடம் தெரியாமல் போகவில்லை. தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது ஒரு காரணம். விளக்கேற்ற ஆள் வருவது நிற்காமலிருந்தது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வடகரையில் ஒரு சின்னக் கோயில், பெயர் வேண்டாம். கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாயிற்று. கருவறைக்கு மேலே உள்ள பழைய விமானத்தை இடித்துவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைத்து, உயரமாகக் கோபுரம் எழுப்புவது, கருவறைச் சுவரெல்லாம் டைல்ஸ் ஒட்டுவது என்று திட்டம். செலவை ஏற்றவர் நல்ல மனசுக்காரர், தன் தாத்தா பேரில் செய்கிறார். அவரிடம் கேட்டேன்: "ஐயா, உங்க தாத்தா கும்பிட்டது எந்த விமானத்தை?"

செயலாளருக்கு வருத்தம். "அண்ணா, சாமிக்கு நல்லதா செய்யணும்னு ஆசைப்படறோம், நீங்க குறுக்கே நிக்கறீங்களே" என்றார். அவர் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது, அது நம் கமிட்டிகளில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 1999-ஆம் வருஷத்து தேசிய மரபுவளச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, 60 வருஷம் தாண்டிய எந்தக் கட்டடத்தையும், அதில் ஒரு பகுதியைக்கூட, மாகாண மரபு அமைப்பின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் குவாசூலு-நேட்டாலில் அந்த அமைப்பு அமாஃபா. நினைவுச்சின்னம் என்று பலகை மாட்டிய கட்டடத்துக்கு மட்டும் உள்ள விதி இல்லை இது. சாலையோர மளிகைக் கடைக்கும் பொருந்தும், தாத்தா கட்டிய தகர வீட்டுக்கும் பொருந்தும்.

இரவு வெகுநேரம் பேசினோம். கடைசியில் கோபுரத்தை நுழைவாசலில் புதிதாக எழுப்புவது, பழைய விமானத்துக்குப் பாலாலயம் வைத்து, அதாவது சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைத்து, பழுது மட்டும் பார்ப்பது என்று முடிவானது. டைல்ஸ் ஆசை இன்னும் போகவில்லை. அதையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கினார்கள். முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அவர்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் காகிதம் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரி எழுதியது: எண், பெயர், தகப்பன் பெயர், ஜாதி, உடம்பில் இருந்த மச்சம். அவர்களே தங்கள் கையால் நமக்கு விட்டுப்போனது இந்தக் கட்டடங்கள்தான். வயல்வேலை முடிந்து வந்த கை வைத்த செங்கல். அதை இடித்துவிட்டு அவர்கள் பேரிலேயே புதிது கட்டுவதை என் மனசு ஏற்கவில்லை.

கடைகளின் கதை இன்னும் மோசம். கோயிலுக்குக் கமிட்டியாவது இருக்கிறது. கடைக்காரர் பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிறார்கள். பூட்டிய கடையில் முதலில் தகரம் போகும், பிறகு மரம், பிறகு சுவர்.

உம்லாங்காவிலிருந்து, சொந்த ஊர் திருச்சி

டர்பன் அண்ணா எழுதியதைப் படித்ததும் என் அனுபவத்தையும் சொல்லத் தோன்றியது. நான் சிவில் இன்ஜினியர், வேலைக்காக இங்கே வந்தவன். டொங்காட் பக்கம் ஒரு பழைய கோயிலில் "சுவர் வேர்க்கிறது, அம்மன் கோபம்" என்று பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தேன்.

கோபம் ஒன்றுமில்லை, சிமெண்ட். பழைய சுவர் அதிகம் வேகாத செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். அந்தச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காரை வழியாகவே வெளியே விட்டுவிடும். யாரோ ஒரு திருப்பணியில் வெளிப்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான எனாமல் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். ஈரத்துக்குப் போக வழியில்லை, உள்பக்கமாக வருகிறது. வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உப்பு காய்ந்து பூக்கும்போது செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். கடற்கரைக் காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

மூலையில் ஒரு சுதை மயில், கழுத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. குனிந்து பார்த்தால் அடுக்கடுக்காக வண்ணம்: மேலே ஃப்ளோரசென்ட் பச்சை, அதற்குக் கீழே ஒரு ரோஸ், அப்புறம் வெளிர் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் காவி. ஒவ்வொரு அடுக்கிலும் இறகின் கோடு கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. காவி தெரிந்த இடத்தில் மட்டும் கரண்டி நுனியால் கீறிய கோடுகள் அத்தனை கூர்மை! அந்தக் கொத்தனாரின் கை எப்படிப் போனது என்றுகூடத் தெரிந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

கமிட்டிக்காரர்களிடம் சொன்னது இவ்வளவுதான். சிமெண்டை மெதுவாக உளியால் எடுங்கள், மெஷின் வேண்டாம். சுவரை மழையில்லாத பருவம் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, நல்ல மணல் மூன்று பங்கு, சிமெண்ட் துளியும் கூடாது. மேலே சுண்ணாம்பு வெள்ளை அல்லது சுவாசிக்கும் பெயிண்ட். கூரை வடிகாலையும் பாருங்கள். விமானத்தின் இடுக்கில் முளைத்த அத்திச் செடியைப் பிடுங்கி எறியக் கூடாது, வேர் செங்கல்லையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். வெட்டி, வெட்டுவாயில் மருந்து தடவிக் காயவிட வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. காத்திருக்கும் மனசு வேண்டும், அதுதான் கும்பாபிஷேகத் தேதி முடிவான பிறகு யாரிடமும் இருப்பதில்லை. தேதி குறிப்பதற்கு முன்னாலேயே சுவரைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து

நான் பிறந்தது டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில். இரண்டு தம்பிகளும் அங்கேதான். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் எங்களை அங்கேயிருந்து கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டது. எங்கள் வீடு மரமும் தகரமும். ஒரே நாளில் தட்டிப்போட்டுவிட்டார்கள். அப்பா ஒரு ஜன்னல் சட்டத்தை மட்டும் கூடத் தூக்கிவந்தார், எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

கோயில் நின்றது. பெல்லேர் ரோட்டில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்தைச் சொல்கிறேன். செகண்ட் ரிவர் கோயில் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அதன் கதை 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் தொடங்குகிறது. 1905 வெள்ளம் பழைய கோயிலை அடித்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது 1947-இல் கட்டியது. ஆனால் கதவுகள் பழையவை, வெள்ளத்துக்குத் தப்பியவை. 1980-இல் நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். சுற்றிலும் ஜனங்களைக் காலி பண்ணின பிறகும் நாங்கள் பஸ் பிடித்துப் போய்க்கொண்டேதான் இருந்தோம். காவடி, தீமிதி எதையும் விடவில்லை. அப்பா கடைசி வருஷம் வந்தபோது சந்நிதிக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். செதுக்கின பூவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

மேலே இன்ஜினியர் தம்பி சொன்ன சிமெண்ட் விஷயம் எங்கள் பக்கத்துக் கோயிலிலும் நடந்திருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் படித்துக் காட்டப்போகிறேன்.

எதுவுமே நிற்காத இடங்களும் நமக்கு உண்டு. டர்பன் நகராட்சியில் வேலை செய்த இந்தியர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் போய்விட்டது. உம்கேனி ஆற்றங்கரையில் நம்மவர்கள் தகர வீடுகளில் குடியிருந்த டின் டவுன் 1917 அக்டோபர் வெள்ளத்தில் போனது. மாரிமுத்து படவாட்டனும் அவர் கூட்டாளிகளும் படகில் போய் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள் என்று எங்கள் ஆயா சொல்லுவாள். அந்த இடத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய் எதைக் காட்டுவேன்? அதனால்தான் படங்களையாவது சேர்க்கச் சொல்கிறேன். டர்பனில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. வீட்டில் பழைய கல்யாணப் படம் இருந்தால் பின்னணியைப் பாருங்கள். மணமக்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கடையோ கோயிலோ தகர வீடோ நிற்கும், பல சமயம் அந்தக் கட்டடத்துக்கு அது ஒன்றுதான் படம்.

ஒரு வேண்டுகோள். படத்தின் பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள், பசை போட்டது கிழிந்துவிடும். பக்கத்தோடு அப்படியே வைத்து எடுத்தால் போதும். கேட்டோ மேனர் படம் யாரிடம் இருந்தாலும் இங்கே சொல்லுங்கள், எந்தத் தெரு என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.