அங்குவிலா 1967: புரட்சியா, பழைய எஜமானிடமே திரும்பிய கதையா?

கடற்காகம்:
கரீபியனில் 91 சதுர கி.மீ. தீவு அங்குவிலா. 1967 மே 30 அன்று தங்களோடு இணைக்கப்பட்டிருந்த செயின்ட் கிட்ஸ் தீவின் போலீஸ்காரர்களை அங்குவிலா மக்கள் விரட்டியடித்ததைப் புரட்சி என்று இங்கே பலரும் கொண்டாடுகிறீர்கள். அக்கம்பக்கத்துத் தீவுகள் பிரிட்டனை விட்டு விலகிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் அதனிடமே போய் ஒட்டிக்கொண்டார்கள். இன்றும் ஆளுநரை அனுப்புவது லண்டன்தான். இது என்ன புரட்சி?

பழைய வரைபடம்:
செயின்ட் கிட்ஸோடு முடிச்சுப் போட்டதே லண்டன்தானே! எங்களை நேரடியாக ஆளுங்கள் என்று 1872இலேயே மனு கொடுத்தார்கள். கேட்காமல் 1882இல் சேர்த்துவிட்டார்கள். நடுவே சுமார் 100 கி.மீ. கடல், சட்டமன்றத்தில் ஒரே ஓர் இடம். 1967 பிப்ரவரியில் உள்நாட்டு ஆட்சி முழுவதும் செயின்ட் கிட்ஸ் தலைவர் ராபர்ட் பிராட்ஷா கைக்குப் போனது. ஜூலை வாக்கெடுப்பில் பிரிவதற்கு ஆதரவாக 1,813 ஓட்டு, எதிராக 5. வேறென்ன வேண்டும்?

கடற்காகம்:
அந்த 5தான் என்னை உறுத்துகிறது. ஜூன் 10 அன்று ஆயுதங்களோடு படகேறிப் போய் செயின்ட் கிட்ஸைத் தாக்கியவர்கள், அடுத்த மாதமே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள். எதிர்த்து ஓட்டுப் போட யாருக்குத் துணிச்சல் வரும்?

பழைய வரைபடம்:
அந்தத் தாக்குதல் முட்டாள்தனம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 1969 பிப்ரவரியில் மறுபடி ஓட்டுப் போட்டார்கள்: 1,739க்கு 4. இந்தமுறை குடியரசு, பிரிட்டனும் வேண்டாம் என்று. ஒட்டிக்கொண்டவர்கள் செய்கிற வேலையா இது? பேச வந்த பிரிட்டிஷ் இணையமைச்சர் வில்லியம் விட்லாக்கைத் துரத்திவிட்டார்கள். மார்ச் 19 அன்று பாராசூட் படையும் லண்டன் போலீசும் வந்து இறங்கின. எதிர்த்து ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. லண்டன் பத்திரிகைகளே அரசைக் கேலி செய்து தீர்த்தன.

கடற்காகம்:
ஆக, ஆறு வாரக் குடியரசு! அதற்குத் தலைமை தாங்கிய ரொனால்ட் வெப்ஸ்டரே 1976இல் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் முதலமைச்சராகிவிட்டார். 1980 டிசம்பரில் முறைப்படி பிரிந்தபோதும் கிடைத்தது விடுதலை இல்லை, தனிக் காலனி.

சுண்டல்:
சண்டைக்கு நடுவே ஒரு வார்த்தை. இணைய முகவரிகளின் கடைசியில் வரும் .ஏஐ (.ai) இவர்களுடையது. 2023இல் அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அதில்தான் வந்தது. பிராட்ஷாவோடேயே இருந்திருந்தால் இது ஏது?

பழைய வரைபடம்:
:) கடற்காகம், செயின்ட் கிட்ஸை விட்டுப் பிரியாமல் இருந்த நெவிஸ் தீவைப் பாருங்கள். 1998 வாக்கெடுப்பில் சுமார் 62 சதவீதம் பேர் பிரிய வேண்டும் என்றார்கள். தேவையான மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை என்பதால் நின்றுபோனது.

கடற்காகம்:
அரசியலமைப்பில் வழி இருந்தது, துப்பாக்கி எடுக்காமல் ஓட்டுப் போட்டார்கள், தோற்றார்கள். அதுதான் முறை.

பழைய வரைபடம்:
38 பேர் 62 பேரைப் பிடித்து நிறுத்துவதா முறை? அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.