பிடி போட்டா கன்ட்ரோல்-சி கூட மாட்டிக்குது: எக்ஸெப்ஷன எப்படித்தான் டிசைன் பண்றது?

ராத்திரி_கோடர்:

எல்லாருக்கும் வணக்கம். சி-ல ஒரு குட்டி ஸ்கிரிப்டிங் மொழி எழுதிட்டு இருக்கேன், கீவேர்டு எல்லாம் தமிழ்ல, உள்ள சாதாரண ட்ரீ-வாக்கிங் இன்டர்ப்ரெட்டர்தான் (கோட மரமா மாத்தி, அதுமேல நடந்து ஓட்டுறது). கிளாஸ், மெத்தட், இன்ஹெரிட்டன்ஸ் வரைக்கும் ஒழுங்கா ஓடிட்டு இருந்துச்சு, போன வாரம் எக்ஸெப்ஷன் (எரர் வந்த இடத்துல எறிஞ்சு, மேல இருக்கிற கோடு பிடிக்கிற ஏற்பாடு) சேர்த்தேன், அங்க இருந்து தூக்கம் போச்சு.

இப்ப இருக்கிற நிலைமை: "எறி" போட்டு எத வேணா எறியலாம், நம்பர், ஸ்ட்ரிங், ஆப்ஜெக்ட், எதுவும். ரன்டைம்ல வர்ற எரர் எல்லாம் ஸ்ட்ரிங்காதான் எறியறேன் ("பூஜ்யத்தால் வகுக்க முடியாது" அந்த மாதிரி). உள்ளுக்குள்ள சி-யோட செட்ஜம்ப் / லாங்ஜம்ப் (ஒரு இடத்த குறிச்சு வச்சு, ஆழத்துல இருந்து நேரா அங்க தாவுறது). கன்ட்ரோல்-சி (ஓடுற புரோகிராம நிறுத்துற கீ) அமுக்கினா சிக்னல் ஹேண்ட்லர் ஒரு ஃபிளாக்க செட் பண்ணும், ஒவ்வொரு ஃபங்ஷன் கால் முன்னாடியும் அந்த ஃபிளாக்க பார்த்து "குறுக்கீடு"ன்னு ஒரு ஸ்ட்ரிங் எறிவேன்.

பிரச்சனை பண்ற ஸ்கிரிப்ட் இது (முயல்-குள்ள எது எறிஞ்சாலும் பிடி-க்கு வந்துடும்):

    சுற்று உண்மை:
        முயல்:
            தரவு = கோப்பை_படி(பாதை)
            கணக்கிடு(தரவ)
            நிறுத்து
        பிடி தவறு:
            அச்சிடு("திரும்ப முயற்சிக்கிறேன்")
            உறங்கு(1)

ஃபைல் இருக்கு, படிக்கவும் முடியுது, ஆனாலும் "திரும்ப முயற்சிக்கிறேன்"னு முடிவில்லாம அச்சடிச்சுக்கிட்டே இருக்கு. கன்ட்ரோல்-சி அமுக்கினா நிக்கல, இன்னொரு "திரும்ப முயற்சிக்கிறேன்" சீக்கிரமா வருது, அவ்வளவுதான்! இன்னொண்ணு, பிடிச்சத திரும்ப எறிஞ்சா வரி எண் தப்பா வருது, முதல்ல எங்க உடைஞ்சதோ அது போயிடுது, பிடி-ல இருக்கிற வரிதான் வருது.

இத எல்லாம் கிளாஸா மாத்திடலாம்னு உட்கார்ந்து மரம் வரைஞ்சேன், நாப்பது கிளாஸ் வந்துடுச்சு. வழி சொல்லுங்க.

சும்மா_வந்தவன்:

நாலாவது வரி பாருங்க ப்ரோ. "தரவ"ன்னு இருக்கு, உகரம் விட்டுப்போச்சு. அது இல்லாத பெயர்னு எரர் எறியுது, உங்க பிடி அதையும் விழுங்கிடுது.

அப்புறம் இத கேட்காம இருக்க முடியல, "முயல் பிடி"ன்னு கீவேர்டு வச்சது வேணும்னேதானா 😄

ராத்திரி_கோடர்:

ஐயோ. ரெண்டு நாளா இன்டர்ப்ரெட்டர்ல பக் தேடிட்டு இருந்தேன். முயல் பிடி வேணும்னே வைக்கல, நீங்க சொன்னப்புறம்தான் கண்ணுல படுது, இனிமே மாத்த மாட்டேன்.

ஆனா கன்ட்ரோல்-சி?

பைட்கோடு_பைத்தியம்:

ரெண்டும் ஒரே நோய்தான். உங்க "பிடி தவறு"க்கு எல்லை இல்ல, எது வந்தாலும் பிடிக்குது. டைப்போவும் பிடிக்குது, கன்ட்ரோல்-சியும் பிடிக்குது. நேரம் முழுக்க உறங்கு(1)-லதான் போகுது, நீங்க அமுக்குறதும் அப்பதான், சிக்னல் வந்ததும் உறக்கம் பாதில கலையுது, அதான் அடுத்த வரி சீக்கிரமா வருது. ஃபிளாக்க ஃபங்ஷன் கால்ல மட்டும்தான பாக்குறீங்க, உறங்கு முடிஞ்சப்புறம் வர்ற முதல் கால் எது? கோப்பை_படி. அது முயல்-குள்ள இருக்கு. அங்க வெடிச்சு, கீழ இருக்கிற பிடி-ல விழுந்து, திரும்ப சுத்துது. (சுற்று ஒவ்வொரு தடவ திரும்பும்போதும் ஃபிளாக்க பாருங்க, இல்லன்னா ஃபங்ஷன் காலே இல்லாத லூப்ப நிறுத்தவே முடியாது.)

இந்த பள்ளத்துல விழாத ஸ்கிரிப்டிங் மொழி கம்மி. பைத்தான்ல ரொம்ப நாள் கன்ட்ரோல்-சிக்கான கீபோர்ட்இன்டரப்ட்டும் மத்த எரர் மாதிரியே எக்ஸெப்ஷன் கிளாஸ் குடும்பத்துலதான் இருந்துச்சு. 2006-ல வந்த 2.5-லதான் மேல பேஸ்எக்ஸெப்ஷன்னு ஒரு வேர் போட்டு, கீபோர்ட்இன்டரப்ட், புரோகிராம்ல இருந்து வெளியேறும்போது வர்ற சிஸ்டம்எக்ஸிட் ரெண்டையும் எக்ஸெப்ஷன் கிளைல இருந்து வெளிய எடுத்தாங்க. ரூபில பேரே சொல்லாம வெறும் ரெஸ்க்யூ (உங்க பிடி மாதிரி) போட்டா ஸ்டாண்டர்ட்எரர் கிளை மட்டும்தான் மாட்டும், இன்டரப்ட், நோமெமரிஎரர் எல்லாம் அதுக்கு வெளிய நிக்கும். உங்க மொழிக்கும் அதான் முதல் முடிவு: மேல "எறியத்தக்கது", அதுக்கு கீழ ஒரு பக்கம் "தவறு", இன்னொரு பக்கம் "குறுக்கீடு", "வெளியேற்றம்". வகை சொல்லாத பிடி "தவறு" கிளையோட நிக்கணும். மரம் எவ்வளவு அழகா இருந்தாலும், சோம்பேறித்தனமா எழுதுற பிடி எத பிடிக்குதுங்கறதுதான் முக்கியம், ஏன்னா முக்கால்வாசி பேரு எழுதப்போறது அதத்தான்.

சும்மா_வந்தவன்:

டைப்போ அப்பவும் மாட்டுமே? பைத்தான்ல இல்லாத பேருக்கு வர்ற நேம்எரர் எக்ஸெப்ஷனுக்கு கீழதான இருக்கு.

பைட்கோடு_பைத்தியம்:

மாட்டும். ரூபிலயும் நேம்எரர் ஸ்டாண்டர்ட்எரருக்கு கீழதான். இங்க பிஎச்பி வேற மாதிரி போனாங்க, 2015-ல வந்த 7-ல த்ரோவபிள்னு ஒரு இன்டர்ஃபேஸ், அதுக்கு கீழ எரர் தனி, எக்ஸெப்ஷன் தனி. இல்லாத ஃபங்ஷன கூப்பிட்டா வர்றது எரர், எக்ஸெப்ஷன்னு போட்டு பிடிச்சா அது சிக்காது. பேருதான் குழப்பம், பிரிச்சது நல்ல பிரிப்பு. புதுசா எழுதுறவங்க நான்னா "நிரல்பிழை"ன்னு மூணாவது கிளை வச்சு, டைப்போ மாதிரி கோட எழுதினவர் திருத்தவேண்டிய எல்லாத்தையும் அதுல போடுவேன். ஃபைல் இல்ல, நெட்வொர்க் போச்சு, இதெல்லாம் மட்டும் "தவறு"ல.

எதையும்_எறி:

எதுக்கு இவ்வளவு கிளாஸ்? ஜாவாஸ்கிரிப்ட்ல எத வேணா எறியலாம், உலகமே ஓடுது. ஸ்ட்ரிங் எறி, ஸ்ட்ரிங்க கம்பேர் பண்ணு, முடிஞ்சுது. ஸ்கிரிப்டிங் மொழிய ஜாவா ஆக்காதீங்க.

பழைய_பெர்ல்_ஆள்:

தம்பி, ஸ்ட்ரிங் கம்பேர் பண்ணி வாழ்க்கைல பாதி போனவன் சொல்றேன் கேளு. பெர்ல்ல டை (எறி மாதிரி) போட்டா வர்றது ஒரு மெசேஜ், நியூலைன் வைக்கலன்னா கடைசில "இந்த ஃபைல், இந்த வரி"ன்னு அதுவே ஒட்டிக்கும், நாங்க அத ரெகெக்ஸ் (எழுத்து பேட்டர்ன் தேடுறது) வச்சு பிச்சு பிச்சு எந்த எரர்னு கண்டுபிடிப்போம். ஒருநாள் எவனோ லைப்ரரில எழுத்துப்பிழைய திருத்தி மெசேஜ்ல ஒரு எழுத்து மாத்தினான், எங்க ரீட்ரை கோடு மொத்தமும் செத்துச்சு, ரெண்டு நாள் கழிச்சுதான் ஏன்னே தெரிஞ்சுது. 5.005-ல இருந்தே டைக்கு ஆப்ஜெக்ட் குடுக்கலாம், ஆனா பழக்கம் விடல.

பைத்தான்லயும் ஒரு காலத்துல ஸ்ட்ரிங் எறியலாம், வேடிக்கை என்னன்னா பிடிக்கும்போது எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாக்காது, அதே ஆப்ஜெக்ட்டான்னுதான் பாக்கும், அதனால சில நேரம் பிடிக்கும் சில நேரம் பிடிக்காது. 2.6-ல ஒரேயடியா தூக்கிட்டாங்க.

ராத்திரி_கோடர் தம்பிக்கு இன்னொண்ணு: பிடிச்ச எக்ஸெப்ஷன குளோபல் வேரியபிள்ல வைக்காத. பெர்ல்ல அது டாலர்-அட். ஈவால் (முயல் மாதிரி) தோத்து ஸ்டாக் (ஒண்ணுக்குள்ள ஒண்ணா கூப்பிட்ட ஃபங்ஷன்களோட அடுக்கு) கலையும்போது ஏதோ ஒரு ஆப்ஜெக்ட்டோட டிஸ்ட்ராய் (அழியும்போது ஓடுற மெத்தட்) ஓடும், அதுக்குள்ள ஒரு ஈவால் இருந்து அது ஜெயிச்சுதுன்னா டாலர்-அட் காலி ஆயிடும், வெளிய இருக்கிறவன் எரரே இல்லன்னு நினைச்சு போயிட்டே இருப்பான். 5.14 வரைக்கும் இந்த கூத்து. அதனாலதான் நாங்க எல்லாம் ஈவால் பிளாக் கடைசில ஒரு 1 போட்டு, அது திரும்பி வருதான்னு பாத்துட்டு இருந்தோம். புதுசா படிக்கிறவனுக்கு அந்த 1 எதுக்குன்னே புரியாது.

எதையும்_எறி:

அது பெர்லோட பிரச்சனை. ஸ்ட்ரிங் எறியறது தப்புன்னு ஆகாது.

சும்மா_வந்தவன்:

தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு சொல்றதுக்கு இதவிட பொருத்தமான இழை இனிமே வராது.

பைட்கோடு_பைத்தியம்:

😂 ஆனா அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு கிளாஸ் எழுத சொன்னா எவனும் எழுத மாட்டான். ரூபி நடுவழில போகுது பாருங்க, ரெய்ஸ் போட்டு வெறும் ஸ்ட்ரிங் குடுத்தா அதுவே ரன்டைம்எரர் ஆப்ஜெக்ட்டா சுத்தி எறியும். எழுதுறவனுக்கு ஸ்ட்ரிங், பிடிக்கிறவனுக்கு எப்பவும் ஆப்ஜெக்ட். ஜாவாஸ்கிரிப்ட்ல ஸ்ட்ரிங் எறிஞ்சா அதோட ஸ்டாக்கே வராது, ஏன்னா ஸ்டாக் ஒட்டிக்கிறது எரர் ஆப்ஜெக்ட் மேலதான்.

அது உங்க வரி எண் கேள்விக்கும் பதில். ட்ரேஸ (எங்க உடைஞ்சது, எப்படி அங்க வந்ததுங்கற தடம்) எப்ப எடுக்கணும்? ஜாவா ஆப்ஜெக்ட் உருவாகும்போதே எடுக்குது, பைத்தான் ஸ்டாக் கலைய கலைய ஒவ்வொரு ஃப்ரேமா சேர்த்துக்கிட்டே போகுது. உங்களுக்கு சுலபமான வழி, "எறி" ஓடும்போது ஆப்ஜெக்ட்ல தடம் காலியா இருந்தா நிரப்பு, ஏற்கனவே இருந்தா தொடாத. திரும்ப எறியறதுக்கு மதிப்பே இல்லாத வெறும் "எறி"ய அனுமதிங்க. வேற எக்ஸெப்ஷனா மாத்தி எறிஞ்சா பழசு "காரணம்"ங்கற ஃபீல்டுல தானா உட்காரணும், ரூபி 2.1-ல இருந்து அப்படித்தான். பைத்தான் 3 தானா வர்றத ஒரு ஃபீல்டு, நாமளா "ஃப்ரம்" போட்டு சொல்றத இன்னொரு ஃபீல்டுன்னு வச்சிருக்கு, குட்டி மொழிக்கு ஒண்ணு போதும்.

நாப்பது கிளாஸ் பத்தி: எந்த மாட்யூல் எறிஞ்சுதுன்னு பாத்து பிரிச்சிருப்பீங்க, சரியா?

ராத்திரி_கோடர்:

ஆமா. கோப்புத்தவறு, வலைத்தவறு, கணிதத்தவறு, ஒவ்வொண்ணுக்கும் கீழ அஞ்சாறு.

பைட்கோடு_பைத்தியம்:

பிடிக்கிறவன் என்ன பண்ணுவான்னு பாத்து பிரிங்க. பைத்தான்ல 3.3 வரைக்கும் ஐஓஎரர், ஓஎஸ்எரர்னு எறிஞ்ச இடத்த வச்சு பிரிச்சிருந்தாங்க, பிடிக்கிறவனுக்கு தெரியவேண்டியது ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையாங்கறது, அதுக்கு எர்ரநோ நம்பர (ஆபரேட்டிங் சிஸ்டம் குடுக்கிற எரர் எண்) எடுத்து இஃப் போடணும். 3.3-ல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டு ஃபைல்நாட்ஃபவுண்ட், பெர்மிஷன் எரர்னு தனித்தனியா குடுத்தாங்க. ரெண்டு கிளாஸ பிடிச்சா ஒரே வேலைதான் செய்யப்போறீங்கன்னா ரெண்டு எதுக்கு. பாதை, வரி, எண் எல்லாம் ஃபீல்டா வைங்க, மெசேஜ்குள்ள மட்டும் புதைக்காதீங்க.

ராத்திரி_கோடர்:

நன்றி நன்றி. நாப்பது இப்ப ஒன்பது ஆயிடுச்சு, கன்ட்ரோல்-சி அமுக்கினா நிக்குது, வெறும் "எறி"யும் போட்டாச்சு. ஆனா புதுசா ஒண்ணு. டீபக் பில்டுல வரி எண் சரியா வருது, -ஓ2 (கோட வேகமாக்கச் சொல்ற ஆப்ஷன்) போட்டு கம்பைல் பண்ணினா சில சமயம் பழைய வரி எண்ணே வருது. வரி எண்ண முயல்-அ ஓட்டுற சி ஃபங்ஷன்ல ஒரு லோக்கல் வேரியபிள்ல வச்சிருக்கேன், செட்ஜம்ப்புக்கு அப்புறம் அப்டேட் பண்றேன்.

பழைய_பெர்ல்_ஆள்:

அதான் நோய். செட்ஜம்ப்புக்கும் லாங்ஜம்ப்புக்கும் நடுவுல மாத்தின லோக்கல் வேரியபிள், வாலடைல் (ஒவ்வொரு தடவையும் மெமரில இருந்தே படின்னு சொல்ற குறி) இல்லன்னா அதோட மதிப்புக்கு சி ஸ்டாண்டர்டு கேரண்டி குடுக்கல. ஆப்டிமைசர் அத ரெஜிஸ்டர்ல வச்சிருக்கும், ஜம்ப் வந்ததும் பழையது திரும்பி வந்துடும். இப்போதைக்கு வாலடைல் போடு.

ஆனா நான்னா லாங்ஜம்ப்பையே தூக்குவேன். நடுவுல மாலக் பண்ணின (மெமரி கேட்டு வாங்கின) ஆர்கியுமென்ட் லிஸ்ட் எல்லாம் ஃப்ரீ ஆகாம தொங்கும். இவால்யுவேட் ஃபங்ஷன் ஒவ்வொண்ணும் ஒரு ஸ்ட்ரக்ட் திருப்பட்டும்: சாதாரணமா முடிஞ்சுதா, திருப்பு வந்துச்சா, நிறுத்து வந்துச்சா, எறி வந்துச்சா, கூட ஒரு மதிப்பு. ஜாவாஸ்கிரிப்ட் ஸ்பெக்ல இதுக்கு கம்ப்ளீஷன் ரெக்கார்டுன்னு பேரு. டைப் அடிக்க வேலை ஜாஸ்தி, ஆனா "கடைசியில்" பிளாக் (எரர் வந்தாலும் வராட்டியும் கட்டாயம் ஓடுறது) எழுதும்போது சாமி வரம் குடுத்த மாதிரி இருக்கும்: வந்த ஸ்ட்ரக்ட்ட ஓரமா வை, பிளாக்க ஓட்டு, அது சாதாரணமா முடிஞ்சா பழசையே திருப்பு.

ராத்திரி_கோடர்:

கடைசியில்-குள்ள "திருப்பு" வந்தா?

பழைய_பெர்ல்_ஆள்:

எறிஞ்சது காணாம போகும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் அதே கதை. சி-ஷார்ப் கம்பைல்லயே விடாது. பைத்தானும் 3.14-ல இருந்து வார்னிங் குடுக்குது. உனக்குத்தான் இன்னும் யூசரே இல்லையே, பார்சர்லயே (கோட படிக்கிற கட்டத்துலயே) தடுத்துடு, அப்புறம் தடுத்தா சண்டைக்கு வருவாங்க.

சும்மா_வந்தவன்:

மெமரி தீர்ந்துபோனா என்ன பண்றீங்க? "மெமரி இல்ல"ன்னு சொல்ற ஆப்ஜெக்ட்ட உருவாக்கவே மெமரி வேணுமே.

ராத்திரி_கோடர்:

...இத யோசிக்கவே இல்ல.

பைட்கோடு_பைத்தியம்:

இன்டர்ப்ரெட்டர் ஸ்டார்ட் ஆகும்போதே ஒண்ண செஞ்சு வச்சுக்கோங்க, லுவா அந்த மெசேஜ முன்னாடியே உருவாக்கி வச்சிருக்கும், சிபைத்தானும் (பைத்தானோட வழக்கமான இன்டர்ப்ரெட்டர்) மெமரிஎரர் ஆப்ஜெக்ட் சிலத முன்கூட்டியே எடுத்து வைக்கும். அதுக்கு தடம் நிரப்ப முயற்சி பண்ணாதீங்க, அங்க திரும்ப மாலக் ஆகும். மெமரிய "தவறு"க்கு வெளிய வைங்க, ரூபி மாதிரி.

ராத்திரி_கோடர்:

ஸ்ட்ரக்ட் திருப்புற மாதிரி மாத்தி எழுதிட்டேன், ரெண்டு ராத்திரி ஆச்சு, வாலடைலுக்கு வேலையே இல்லாம போச்சு. அதே ஸ்கிரிப்ட் இப்ப:

    முயல்:
        தரவு = கோப்பை_படி(பாதை)
        கணக்கிடு(தரவ)
    பிடி கோப்பில்லை த:
        அச்சிடு(த.பாதை)

    நிரல்பிழை: 'தரவ' என்ற பெயர் இல்லை (வரி 3). 'தரவு' என்பதா?

அந்த கடைசி கேள்விய எனக்காகவே சேர்த்தேன்.

சும்மா_வந்தவன்:

வரி 3-ஆ? டைப்போவ இன்னும் திருத்தலையா நீங்க 😄