அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிசிக்ஸ்: பிள்ளையைச் சேர்க்கும் முன் மாநிலத்தின் ஸ்டாண்டர்ட்ஸைப் படித்துவிடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "பொண்ணு பிளஸ் ஒன் பாதி முடிச்சிட்டு வந்திருக்கா, இங்க பிசிக்ஸ் ரொம்ப சுலபமாமே, எந்த வகுப்புல போடலாம்?" சுலபம் என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

முதலில், இங்கே நாடு முழுக்க ஒரே சிலபஸ் கிடையாது. என்ன கற்க வேண்டும் என்பதை அந்தந்த மாநிலம்தான் வகுக்கிறது; அந்தப் பட்டியலைத்தான் ஸ்டாண்டர்ட்ஸ் என்கிறார்கள். 2013-ல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் சயின்ஸ் ஸ்டாண்டர்ட்ஸை கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. டெக்சாஸில் டீக்ஸ் என்று தனியாக உண்டு, ஃபுளோரிடாவுக்கும் சொந்தமாக ஒன்று இருக்கிறது. எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனில் நியூட்டனின் இரண்டாம் விதிக்கு வரும் வரியை நிதானமாகப் படியுங்கள். விதியை எழுது, கணக்குப் போடு என்று அதில் இல்லை. தரவுகளை அலசி, நிகர விசை, நிறை, முடுக்கம் மூன்றுக்கும் உள்ள தொடர்பை இந்த விதி சரியாகச் சொல்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டு என்கிறது. கூடவே, மதிப்பீடு ஒரே நேர்கோட்டு இயக்கத்தோடு நிற்கும் என்று எல்லையும் போட்டிருக்கிறார்கள். வெக்டர், நுண்கணிதம் எல்லாம் பார்த்துவிட்டு வரும் நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

ஆனால் லேபில் நடப்பது வேறு. தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி, கப்பி வழியாகத் தொங்கும் எடை. வண்டியில் இருக்கும் எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கும் பக்கம் மாற்றி, ஒவ்வொரு முறையும் முடுக்கத்தை அளந்து, விசைக்கும் முடுக்கத்துக்கும் கிராஃப் போட வேண்டும். அப்புறம்தான் கேள்வி வரும்: இந்தக் கோட்டின் சாய்வு எதைக் குறிக்கிறது? கோடு ஏன் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை? சாய்வு வண்டியும் தொங்கும் எடையும் சேர்ந்த மொத்த நிறை, கோடு விலகி நிற்பதற்கு உராய்வு காரணம் என்று தன் அளவீடுகளைக் காட்டி முழு வாக்கியங்களில் எழுத வேண்டும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு, விடை சரியாகவே இருந்தாலும் மதிப்பெண் போகும். வீட்டில் கூடுதலாகக் கணக்குப் பயிற்சி கொடுப்பதால் இது சரியாகாது. என்ன சொல்கிறாய், எந்த ஆதாரத்தால், அது எப்படிப் பொருந்துகிறது என்று எழுதிப் பழக வேண்டும்.

மோதலில் பொருளின் மீது விழும் விசையைக் குறைக்க ஒரு கருவியை வடிவமைத்து, சோதித்து, திருத்து என்றும் அதில் ஒரு ஸ்டாண்டர்ட் உண்டு. பல பெற்றோர் இதைக் கைவேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. மோதும் நேரத்தை நீட்டினால் விசை ஏன் குறைகிறது என்பது கையில் செய்து பார்க்கும்போதுதான் உறைக்கும்.

எழுத வேண்டியது ஆங்கிலத்தில் என்பதால் தமிழ் வழியில் படித்த பிள்ளை திணறலாம். ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கு உதவுவது பொதுப் பள்ளிகளின் சட்டப்படியான கடமை, தயங்காமல் கேளுங்கள்.

கணக்கில் வலுவான பிள்ளை என்றால் ஏபி, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவிலான வகுப்புகள் பற்றிக் கேளுங்கள். ஏபி பிசிக்ஸ் 1 இயற்கணிதத்தோடு போகும், ஏபி பிசிக்ஸ் சி-க்குத்தான் கால்குலஸ் வேண்டும். கால அட்டவணை முடிவாவதற்கு முன்பே, பழைய மதிப்பெண் பட்டியலோடு பழைய பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தையும் எடுத்துக்கொண்டு, எந்த வகுப்பில் சேரலாம் என்று வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரைப் பாருங்கள். ஆசிரியரிடம் லேப் ரிப்போர்ட்டுக்கான ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்ற அளவுகோல் இருக்கும், அதை முதல் வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.