வேற்றுக்கோள் படத்தில் நம் டெல்டா தெரிந்த தருணம்: உங்கள் அனுபவங்கள்

பட்டுக்கோட்டை வாசகர்:
2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, பல நாள்களுக்குப் பின் மின்சாரம் வந்தபோது தொலைக்காட்சியில் 'அவதார்' ஓடிக்கொண்டிருந்தது. பண்டோரா என்ற வேற்றுலகில் நாவி மக்கள் குடியிருக்கும் பெருமரத்தை, அதன் அடியிலுள்ள கனிமத்துக்காகச் சாய்க்கும் காட்சி எல்லோருக்கும் தெரியும். தோப்பு முழுக்கத் தென்னைகள் விழுந்து கிடந்தபோதுகூட வாய் திறக்காத என் அப்பா, அந்த மரம் சாய்ந்ததும், "ஏம்ப்பா, அது எத்தனை வருஷத்து மரம்?" என்று கேட்டார். பண்டோராவே கற்பனை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் அமர்ந்தபோதும் எனக்கு இதே காட்சிதான் நினைவில் ஓடியது.

திருவாரூர் ஆசிரியை:
உங்கள் அப்பாவின் கேள்வி என்னையும் கலங்கவைத்தது. ஆயினும் பண்டோராவை டெல்டாவோடு ஒப்பிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அப்படத்தின் ஒரு பகுதியை வகுப்பில் காட்டியபோது, நடவு வேலைக்குச் செல்லும் தாயின் மகள் ஒருத்தி, "டீச்சர், அங்க யாருமே நடவு நடலையே, எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?" என்றாள். நம் பசுமை, கல்லணை தொடங்கி வாய்க்கால் தூர்வாரி, வரப்பு வெட்டி, நாற்றுப் பறித்து நட்டவர்களின் உழைப்பால் நிற்பது. உங்கள் பகுதிக்கே மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டப்பட்ட புது ஆறுதான் காவிரியைக் கொண்டுவந்தது. மனிதர் விலகி நின்றாலே போதும் என்று சொல்லும் உருவகம் காட்டுக்குப் பொருந்தலாம். ஆண்டுதோறும் கை வைக்காவிட்டால் தூர்ந்துபோகும் நிலத்துக்குப் பொருந்தாது.

வேதாரண்யம் கடைமடை விவசாயி:
ஆசிரியை சொல்வதே சரி. எனக்கு மறக்காதது 2021-இல் வந்த 'டியூன்' படத்தில், பாலைக்கோளான அராக்கிஸின் பூர்வகுடித் தலைவர் ஒருவர், அக்கோளை ஆள வந்த பிரபுவின் மேசைமீது துப்பும் காட்சி. உடலின் நீரையே காணிக்கையாகத் தருகிறார் என்பது புரியுமுன் அரங்கமே சிரித்தது. மதகடியில் முறைத் தண்ணீருக்காக உறவினர்களே மண்வெட்டியோடு எதிரெதிரே நின்றதைப் பார்த்த என்னால் சிரிக்க முடியவில்லை.

இத்தகைய படம் எடுக்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 'டியூன்' நாவலை எழுதிய ஃபிராங்க் ஹெர்பர்ட்டுக்கு அராக்கிஸ் தோன்றியது, அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்த முயன்றதை அறிந்த பிறகுதான். நீங்களும் முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டையும் கோடியக்கரையையும் முதலில் பார்த்து வாருங்கள். எதிரியை விண்கலத்தில் இறக்காதீர்கள். ஆழ்குழாய்கள் நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறும் ஒரு கோளை உருவாக்கி, அங்கே யார் வயல் முதலில் உவர்ப்பாகிறது, யார் முதலில் ஊரைவிட்டுப் போகிறார் என்று காட்டுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் வேறு. அந்த இடைவெளியில் நடப்பதை மட்டுமே வைத்து முழுப் படம் எடுக்கலாம்.