ரீஃப் தொட்டியில் பிரிசில் புழு: எதை விட்டுவைப்பது, எதைப் பிடிப்பது?

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்பு செல்லோபேன் தாளைக் கட்டிக்கொண்டு ரீஃப் தொட்டியை, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் பாருங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் பிரிசில் புழுக்கள் நொடியில் இடுக்குக்குள் போய்விடும். சிவப்பு வெளிச்சத்தில் நிதானமாக மேயும். லைவ் ராக் (சிறு உயிர்கள் குடியிருக்கும் பாறை) துளையில் வாலை ஊன்றிக்கொண்டு முன்பாதியை மணல்மேல் நீட்டித் துழாவும். உடல் இளஞ்சிவப்பாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், இரு விலாவிலும் வெள்ளை மயிர்க்கொத்துகள் வரிசையாக நிற்கும். பெரும்பாலான தொட்டிகளில் இருப்பது இதுதான். மீந்த தீனி, மீன் கழிவு, செத்த நத்தை இவைதான் இதன் சாப்பாடு. உயிருள்ள பவளத்தை இது தொடாது. நம் கை நுழையாத பாறையிடுக்கில் அழுகிக் கிடப்பதை அம்மோனியாவாக மாறுமுன் தின்றுவிடும் இந்தப் புழுவைத் தயவுசெய்து கண்டதும் கொல்லாதீர்கள்.

காலையில் கவிழ்ந்து கிடக்கும் நத்தை ஓட்டுக்குள் பத்துப் புழுக்கள் இருந்தால் பழி அவற்றின்மேல் விழுகிறது. அநேகமாக நத்தை முந்தைய நாளே செத்திருக்கும், வாடை பிடித்துப் புழுக்கள் வந்திருக்கும். பவளத்தின் அடித்திசு உரிந்த இடத்தில் புழு தெரிந்தாலும் அப்படித்தான். முதலில் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரின் காரத்தன்மை) நீரோட்டத்தையும் சரிபாருங்கள்.

*

மேலே சொன்னது சரி. ஆனால் மூன்று விலக்குகள் உண்டு, அவற்றை அடையாளம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, ஹெர்மோடிசே காருங்குலாட்டா என்கிற தாடி ஃபயர் வார்ம். அட்லாண்டிக், கரீபியன், மத்தியத்தரைக் கடல்களைச் சேர்ந்தது, அங்கிருந்து வரும் பாறையில் ஒட்டிக்கொண்டு வரும். தலைமேல் மடிப்பு மடிப்பான சதைத் தகடு ஒன்று இருக்கும், அதைப் பார்த்தால் போதும். பருத்த உடல், வெள்ளை மயிருக்குப் பக்கத்திலேயே சிவந்த செவுள்கொத்துகள். 15 செ.மீ. சாதாரணம், 30 செ.மீ. தாண்டியும் வளரும். கிளைப்பவளத்தின் நுனியை வாய்க்குள் நுழைத்துத் திசுவை மட்டும் உரித்துவிடும். காலையில் அந்த நுனி மட்டும் வெள்ளெலும்பாக நிற்கும். கோர்கோனியன் என்கிற விசிறிப்பவளத்தையும் அனிமோன் என்கிற கடல்சாமந்தியையும் விடாது.

இரண்டாவது, யூனிசிட் வகை. தலையில் ஐந்து உணர்கொம்புகள், உடலில் வானவில் பளபளப்பு, வாயில் கத்தரிபோன்ற தாடை. மூன்றாவது ஈனோன் ஃபுல்ஜிடா. ஆரஞ்சு நிறம், வழவழப்பு, நிறையக் கோழை கக்கும். நத்தைகளும் கிளாம் சிப்பிகளும் அடுத்தடுத்துச் சாகிற தொட்டியில் இதைத்தான் தேட வேண்டும். இந்த இரண்டிலும் விலாமயிர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மயிர் தெளிவாகத் தெரிகிற புழுவைவிட, மயிரே தெரியாத பெரிய புழுவுக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். நீளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். சாதாரண வகையும் நன்றாகத் தின்றால் ஒரு சாணுக்கு மேல் வளரும்.

*

பிடிப்பதற்குக் கடையில் விற்கும் பொறி தேவையில்லை. 20 மி.மீ. விட்டத்தில் 15 செ.மீ. பிவிசி குழாய் எடுத்து இருபுறமும் மூடி போடுங்கள். பசை வேண்டாம், இறுக்கமாகச் செருகினால் போதும். குழாய் மணலில் படியும் பக்கத்தில், இரு முனைகளுக்கும் அருகே 5 மி.மீ. துளை இரண்டிரண்டு. அதைவிடப் பெரிதாகப் போட்டால் ஹெர்மிட் நண்டு உள்ளே புகுந்து இரையை முடித்துவிடும். உள்ளே விரல்நுனி அளவு பச்சை இறாலை நைலான் காலுறைத் துண்டில் முடிந்து வையுங்கள். இறாலைச் சுற்றும்போது புழுவின் மயிர்கள் நைலான் இழையில் சிக்கிக்கொள்ளும். தொட்டிக்குள் இறக்கும்போது குழாயைச் சாய்த்துக் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும்.

பலர் தவறுவது நேரத்தில். விளக்கணைந்த பிறகு வைத்து, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். விடியும்வரை விட்டால், சிக்காத புழுக்கள் வயிறு நிறைந்து வந்த வழியே போய்விடும், மீந்த இறாலும் அழுகும்.

பாறைக்குள் குடியிருக்கும் யூனிசிட் இந்தப் பொறிக்கு வராது. எந்தப் பாறை என்று இரவில் பார்த்து உறுதிசெய்து, அதை மட்டும் எடுத்து, தொட்டியின் வெப்பநிலையிலேயே 1.050 ஒப்படர்த்தி வரும்படி உப்பைக் கூட்டிக் கரைத்த உப்புநீர் வாளியில் சில நிமிடம் வையுங்கள். புழு வெளியே வரும். பாறையிலுள்ள மற்ற சிறு உயிர்களும் சேர்ந்து அடிபடும் என்பதால், சந்தேகப்பட்ட பாறையையெல்லாம் இப்படி முக்காதீர்கள்.

கொறடால் பிடித்து இழுக்கும்போது அறுந்தால் விட்ட துண்டு மீண்டும் வளரும். பிரிசில் புழுக்களில் யூரிதோ என்கிற வகைகள் உடல் துண்டாகியே இனம்பெருக்குபவை, அதனால் வெட்டுவது எண்ணிக்கையைக் கூட்டும் வேலை.

*

கைக்கு ஒரு எச்சரிக்கை. பிரிசில் புழுவின் மயிர்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை, தோலில் குத்தி உடைந்து நின்றுவிடும். மெல்லிய நைட்ரில் கையுறையையும் துளைக்கும்; கனமான ரப்பர் கையுறை போடுங்கள். குத்திவிட்டால் தேய்க்கவே கூடாது. ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுங்கள், பிறகு வினிகர் தடவுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சு சிரமப்பட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

*

ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது என்றால் காரணம் தீனி. இரண்டு மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்குக் குறையுங்கள், உறைந்த தீனியை வடிகட்டிப் போடுங்கள், பாறைக்குப் பின்னால் தேங்கிய அழுக்கைத் தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சுங்கள். வாரங்கள் ஆகும், ஆனால் தானாகவே குறையும்.

ஆறுகோட்டு ராஸ், மஞ்சள் கோரிஸ் ஆகிய மீன்கள், ஏரோ கிராப் என்கிற நண்டு, பட்டை இறால் ஆகியவை சிறு புழுக்களைத் தின்னும், பெரியதைத் தொடாது. ஆறுகோட்டு ராஸ் பின்னால் சேர்க்கும் சாதுவான மீன்களை விரட்டும், பட்டை இறால் மற்ற இறால்களைக் கொல்லும். புழுவுக்காக மட்டும் இவற்றை வாங்குவது சரியல்ல.

ஃபென்பெண்டசோல் போன்ற குடற்புழு மருந்தைக் காட்சித் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். நத்தைகளும் கோர்கோனியனும் சாகும், மருந்து பாறையில் ஊறிக் கிடக்கும். பாறைக்குள் ஒரே நேரத்தில் செத்த புழுக்களால் அம்மோனியா ஏறி மீன்களும் போகும். தாடி ஃபயர் வார்ம் போன்றவை வராமல் தடுக்க, புதிதாக வரும் பவளத்தின் அடிக்கட்டையைத் திருப்பிப் பார்த்து, துளையிருந்தால் பவளத்தை வெட்டிப் புதுக் கட்டையில் ஒட்டுங்கள். பழைய கட்டையைத் தொட்டிப்பக்கமே கொண்டுபோகாதீர்கள்.